சைலன்சர் மாத்தப் போறீங்களா பாஸ்? சத்தத்தோட சேர்ந்து வேற என்னவெல்லாம் மாறும் தெரியுமா?

புது பைக் வாங்கி முதல் சர்வீஸ் முடிவதற்குள் பலருக்கும் வருகிற ஆசை இது. இன்ஸ்டாவில் ஒரு ரீல் ஓடும். ஒரு அண்ணன் முதலில் கம்பெனி சைலன்சரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவார். அப்புறம் புதுசு. ஹெட்போன் மாட்டிக் கேட்டால் புல்லரிக்கும். அடுத்த வாரமே சென்னைக்காரர்கள் ஜி.பி. ரோட்டில் விலை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் கார்ட்டில் போட்டு வைத்திருப்பார்கள்.

கடையில் மூன்று விஷயம் சொல்வார்கள். வெயிட் குறையும், பவர் ஏறும், மைலேஜ் கூடும். இதில் ஒன்று உண்மை, ஒன்று பாதி உண்மை, ஒன்று சும்மா. எது எது என்று தெரிய, அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

குழாய்க்குள்ள என்ன இருக்கு?

நாம் மொத்தமாக 'சைலன்சர்' என்று சொல்வது உண்மையில் மூன்று பாகம். இன்ஜின் ஹெட்டிலிருந்து வளைந்து இறங்குவது பெண்ட் பைப். நடுவில், பி.எஸ்.6 வண்டிகளில், கேட்டலிடிக் கன்வர்ட்டர். கடைசியில் சத்தத்தை அடக்கும் மஃப்ளர்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும், சூடான புகை பெரிய அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு குட்டி வெடி மாதிரி. கம்பெனி மஃப்ளருக்குள் இரண்டு மூன்று அறைகள், ஓட்டை போட்ட தகடுகள் இருக்கும். சத்தம் அந்த அறைகளுக்குள் மோதி, திரும்பி, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். வெளியில் கடையில் வாங்குவது பெரும்பாலும் நேர்க்குழாய். உள்ளே ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றி கிளாஸ் வூல், வெளியே ஒரு உறை. இதில் சத்தத்தை உறிஞ்சுவது அந்தக் கண்ணாடிப் பஞ்சு மட்டும்தான். அது நாளாக ஆகக் கருகி, உதிர்ந்து, வாய் வழியாகவே வெளியேறும். அதனால்தான் வாங்கும்போது 'பேஸ்' ஆகக் கேட்ட சைலன்சர் ஒரு வருஷம் கழித்துத் தகர டப்பா மாதிரி கத்தும்.

கேட்டலிடிக் கன்வர்ட்டர் ஒரு தேன்கூடு. அதன் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மாதிரி உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். சில நூறு டிகிரி சூடேறியதும் விஷமான கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், நைட்ரஜனாக மாற்றிவிடும். 'ஃபுல் சிஸ்டம்' மாற்றினால் பெரும்பாலும் இது போய்விடும். 'ஸ்லிப்-ஆன்' என்றால் கடைசி மஃப்ளர் மட்டும் மாறும். ஆனால் சில மாடல்களில் கன்வர்ட்டரே மஃப்ளருக்குள் இருக்கும். அங்கே ஸ்லிப்-ஆன் போட்டாலும் அது காலி. வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ரீல்ல வந்த சத்தம் நம்ம வண்டிக்கு வருமா?

இதில்தான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஒரு புல்லட் ஐடிலில் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடுகிறது என்றால், வினாடிக்கு எட்டு வெடி. தனித்தனியாக எண்ணிவிடலாம் போல காதில் விழும். அதுதான் அந்த 'டுக் டுக்'. நான்கு சிலிண்டர் சூப்பர் பைக் 10,000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 333 வெடி. அது 'டுக்' இல்லை, ஊளை. அதே 10,000 சுற்றில் உங்கள் சிங்கிள் சிலிண்டர் 150 சிசி வண்டி தருவது வினாடிக்கு 83 தான். எத்தனை ஆயிரம் ரூபாய் சைலன்சர் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. சூப்பர் பைக் சத்தம் வராது. உங்கள் வண்டிச் சத்தமே பெரிதாகக் கேட்கும்.

புல்லட் உலகம் இதில் தனி ராஜ்ஜியம். கோல்ட்ஸ்டார், இந்தோரி, பஞ்சாப், ஷார்ட் பாட்டில், மெகாபோன் என்று சைலன்சருக்கே சாதிப் பெயர் மாதிரி ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் கோல்ட்ஸ்டார் என்பது பழைய பிரிட்டிஷ் பைக்கான பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டாரிலிருந்து வந்த பெயர். சத்தத்தின் மேல் இருக்கும் பைத்தியம் நமக்கு மட்டும் இல்லை. ஹார்லி டேவிட்சன் தன் இன்ஜின் சத்தத்துக்கே டிரேட்மார்க் கேட்டு அமெரிக்காவில் 1994-ல் விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பி இழுத்துக்கொண்டே போய், 2000-ல் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது.

பவர் ஏறுமா?

வெயிட் குறைவது உண்மை. அறைகள், தகடுகள், கன்வர்ட்டர் எல்லாம் போனால் குழாய் லேசாகத்தான் செய்யும். மைலேஜ் கூடும் என்பதுதான் சும்மா. சத்தம் கேட்க வேண்டும் என்று எல்லோரும் கூடுதலாக முறுக்குவார்கள், மைலேஜ் எங்கே கூடும்? பாதி உண்மை, பவர்.

புகை வெளியே பாயும்போது அதன் பின்னால் ஒரு வெற்றிட அலை உருவாகும். குழாயின் நீளமும் விட்டமும் சரியாக அமைந்தால், அந்த அலை சரியான நேரத்தில் வால்வுக்குத் திரும்பி வந்து, மிச்சப் புகையை இழுத்து, புதுக் காற்றுக்கு வழிவிடும். எந்த ஆர்.பி.எம்-மில் அந்த 'சரியான நேரம்' அமைய வேண்டும் என்பதை இன்ஜின் வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். தினசரி வண்டிகளில் அது கீழ், நடு ஆர்.பி.எம். சிக்னலில் கிளம்ப, டபுள்ஸ் போக, மேட்டில் ஏற அங்கேதான் இழுவை வேண்டும். அகலமான திறந்த குழாய் போட்டால் இந்த அலை கலைந்து, ஆதாயம் உச்ச ஆர்.பி.எம்-முக்குப் போய்விடும். ரேஸ் டிராக்கில் அது லாபம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஏறும்போது அது நஷ்டம்; முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டி வரும்.

குழாயின் வடிவமே பவர் என்பது டூ ஸ்ட்ரோக் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஆர்.எக்ஸ். 100 சைலன்சரை வெட்டி ஒட்டி ஆராய்ச்சி செய்த மெக்கானிக் இல்லாத ஊர் உண்டா என்ன? அந்த வித்தையின் பெரிய குரு கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். நடுவில் புடைத்து இரண்டு பக்கமும் கூம்பாகச் சுருங்கும் 'எக்ஸ்பான்ஷன் சேம்பர்' குழாயை அவர் 1950-களில் செதுக்கி எடுத்தார். அவருடைய ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்திலிருந்து தப்பி, அந்த ரகசியங்களோடு சுசூகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலக சாம்பியன். ஒரு சைலன்சருக்காக ஸ்பை படமே நடந்திருக்கிறது! ஆனால் அந்த இன்ஜின் முழுவதும் அந்தக் குழாய்க்காகவே டியூன் செய்யப்பட்டது. நம்ம கதையில் குழாய் மட்டும் மாறுகிறது, இன்ஜின் அப்படியே இருக்கிறது.

340-350 சிசி சிங்கிளில், உதாரணத்துக்கு 20 பி.எஸ். சொச்சம் தரும் கிளாசிக் 350-ல், ஸ்லிப்-ஆன் மட்டும் மாற்றி சீட்டில் உட்கார்ந்து உணரும் அளவுக்குப் பவர் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'பிக்கப் செம்மயா ஆயிடுச்சு' என்று தோன்றும். அது காது சொல்வது. ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

'ஈ.சி.யூ. தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும் ப்ரோ'

கடையில் அடிக்கடி கேட்கும் வசனம். பெட்ரோல் முழுசாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும் (எத்தனால் கலந்தால் இது கொஞ்சம் குறையும்). எஃப்.ஐ. வண்டிகளில் பெண்ட் பைப்பில் திருகியிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் புகையை மோந்து பார்த்து, ஈ.சி.யூ-வுக்குச் சொல்லும். நிதானமாக ஒரே வேகத்தில் போகும்போது இந்தத் திருத்தம் நன்றாகவே நடக்கும். ஆனால் முழுசாக முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் ஈ.சி.யூ. சென்சார் பேச்சைக் கேட்பதில்லை. கம்பெனி பதிந்து கொடுத்த அட்டவணைப்படி பெட்ரோலை ஊற்றும். அந்த அட்டவணை பழைய சைலன்சருக்கு எழுதியது. காற்று தாராளமாக, பெட்ரோல் அதே பழைய அளவில் என்றால் கலவை 'லீன்' ஆகும். இன்ஜின் சூடு ஏறும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, ஈ.சி.ஆரில் தினம் முறுக்குபவருக்குப் போகப் போகத் தெரியும். கார்ப்பரேட்டர் வண்டியில் மெயின் ஜெட் மாற்ற வேண்டும், எஃப்.ஐ. வண்டியில் ரீமேப் அல்லது ஃபியூயல் கன்ட்ரோலர் வேண்டும். அதன் செலவைச் சேர்த்துத்தான் சைலன்சர் விலையைக் கணக்குப் போடணும்.

சில லோக்கல் பெண்ட் பைப்களில் சென்சார் திருக இடமே இருக்காது. 'சும்மா கட்டித் தொங்க விட்டுடலாம்' என்பார்கள். அப்போது மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். அதை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தவர்களும் உண்டு!

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட்டாசு மாதிரி வெடிக்கிறதே, அது கெத்து இல்லையா? எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் வந்து, ஜாயின்ட் இடுக்கு வழியாக நுழையும் காற்றோடு சேர்ந்து அங்கே எரிகிறது. பல நேரம் அது கேஸ்கெட் லீக் என்பதற்கான அறிகுறி.

வண்டி யார் பேர்ல இருக்கு?

இந்தக் கேள்வி முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்ட பிறகு, சத்தம், புகை தொடர்பான அளவை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் பிரிவு 190(2)-ன்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் தகுதி பறிபோகும். ஓட்டுபவர் மட்டுமல்ல, 'ஓட்ட விடுபவர்' என்ற வார்த்தையும் அந்தப் பிரிவில் இருக்கிறது. பிரிவு 182ஏ(4) நேராக உரிமையாளரைப் பற்றியது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காலேஜ் படிக்கும் பலரின் வண்டி அப்பா பேரில்தான் இருக்கிறது. ஆசை உங்களுடையது, நோட்டீஸ் அவருக்கு.

'ஆர்.சி-யில சைலன்சர்னு ஒரு கட்டமே இல்லையே' என்று ஒரு வாதம் வைப்பார்கள். கம்பெனி கொடுத்த மூல வடிவமைப்பை மாற்றும் விதத்தில் வண்டியில் கை வைக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. சைலன்சர் மேல் 'ஈ-மார்க்' முத்திரை இருக்கிறதே என்றால், அது ஐரோப்பிய சாலைகளுக்கான அங்கீகாரம். இங்கே அதைக் காட்டித் தப்ப முடியாது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பல கம்பெனிகள் சின்ன எழுத்தில் 'பொதுச் சாலைக்கு அல்ல' என்று அச்சடித்தே விற்கின்றன. இது போக, வாரண்டியிலும் விபத்து கிளெய்மிலும் இந்த மாற்றத்தைக் காட்டிக் கேள்வி கேட்க கம்பெனிக்கு வாய்ப்பு கிடைக்கும்.

சத்தத்துக்கு என்ன அளவு? நம் நாட்டில் புது டூவீலர் தயாரிக்கும்போது 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. சோதனைப் பாதையில் வண்டி கடந்து போகும்போது ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பார்கள். '80-ல இருந்து 90 தானே, பத்துதானே கூடுது' என்று நினைத்தால் தப்பு. டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். தொழிலாளர் பாதுகாப்பு பற்றி ஆராயும் அமெரிக்காவின் 'நியோஷ்' நிறுவனம், 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்றும், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். தினமும் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவுக்குள் திரும்பும்போது தூக்கம் கலைவது எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு.

'சத்தம் இருந்தாதான் லாரிக்காரர் ஒதுங்குவார்' என்பதிலும் பெரிதாக விஷயமில்லை. குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. அமெரிக்காவில் 1981-ல் வெளியான ஹர்ட் ரிப்போர்ட், பைக் விபத்துகளில் முக்கால்வாசிக்கு மேல் ஆபத்து முன்பக்கத்திலிருந்து, நேர் கோட்டுக்கு இரு புறமும் 45 டிகிரிக்குள் வருவதாகக் கண்டது. ஹெட்லைட்டும் பிரேக்கும் அங்கே செய்யும் வேலையைச் சைலன்சர் செய்யாது.

மாட்டுற வேலை

டிராக் டேவுக்கு மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் டிராக் இருக்கிறது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சரைக் கழற்றி கம்பெனி ஒரிஜினலே புதிதாகப் போடுபவர்களும் நிறைய பேர். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்.

துரு ஏன் உள்ளிருந்து வருகிறது தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகும், ஆவியாக. பால் பாக்கெட் வாங்க இரண்டு தெரு மட்டும் போய் வந்தால் குழாய் சூடேறாமல், அந்தத் தண்ணீர் மஃப்ளரின் அடியில் தேங்கிவிடும். கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று வெளியிலிருந்தும் அரிக்கும்.

முதல் விதி: இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். முந்தின ராத்திரியே ஹெட்டில் இருக்கும் நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். மொத்த வேலையிலும் காசு வைக்கக்கூடிய இடம் இதுதான். காய்ந்த நட்டை வேகமாகத் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். அப்புறம் லேத் பட்டறை, டிரில், வெல்டிங் என்று ஒரு நாள் வேலை ஒரு வாரம் ஆகும்.

ஆக்ஸிஜன் சென்சாரை முதலில் வயர் கனெக்டரில் பிரித்து, அப்புறம் ஸ்பேனர் போட்டுக் கழற்ற வேண்டும். வயரோடு சேர்த்துச் சுற்றினால் வயர் முறுக்கி அறுந்துவிடும். பெண்ட் பைப்பை இறக்கியதும் ஹெட் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கேஸ்கெட் வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுசைப் போட்டு இறுக்கிவிடும் கைகள் உண்டு. லீக் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அந்த வளையம் நசுங்கி அடைக்கும் வகை. பழசையே திரும்பப் போடக் கூடாது. புதுசு விலை அதிகம் இல்லை.

புதுக் குழாயைப் போடும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் ஏற்றி, மொத்தமும் இயல்பாகத் தொங்கும்படி விடுங்கள். பிறகு ஹெட் பக்கம் ஆரம்பித்துப் பின்பக்கம் நோக்கி இறுக்குங்கள். இரண்டு நட்டு இருந்தால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி பிராக்கெட் ஓட்டை நேராக வரவில்லை என்றால், இழுத்துப் பிடித்து போல்ட்டைத் திணிக்கக் கூடாது. அந்த இழுவை இன்ஜின் அதிர்வோடு சேர்ந்து சில வாரங்களில் வெல்டிங்கை விரியச் செய்யும். டூப்ளிகேட் சைலன்சர்களில் பிராக்கெட் நேராக வராதது சகஜம். பெரிய பிராண்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதெல்லாம் அந்த பிராண்ட் இல்லை.

மாட்டி முடித்ததும் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து, சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது குழாய் ஸ்விங் ஆர்மிலோ பிரேக் ஹோஸிலோ இடிக்கிறதா பாருங்கள். பின்னால் உட்காருபவரின் கால் எங்கே வருகிறது என்பதையும். கம்பெனி சைலன்சரின் ஹீட் ஷீல்டு புதுசில் இருக்காது. அம்மாவோ தங்கையோ இறங்கும்போது கெண்டைக்காலில் சுட்டுவிடும். அப்படிச் சுட்டால் பேஸ்ட், இங்க் எதுவும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கொப்பளம் பெரிதானால் டாக்டர்.

ஸ்டார்ட் பண்ணும் முன் குழாய் மேல் இருக்கும் கைரேகை, கிரீஸ் எல்லாவற்றையும் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் சூட்டில் அந்த ரேகைகள் அப்படியே குரோம் மேல் பதிந்துவிடும். பார்க்கிங் ஷெட்டுக்குள் வைத்து ஸ்டார்ட் பண்ணாமல் திறந்த வெளிக்கு வாருங்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. முதல் சில நிமிடம் லேசாகப் புகைவது தயாரிப்பு எண்ணெய், பயப்பட வேண்டாம். ஜாயின்ட்டில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, சில நாள் கழித்துக் கரி படிந்திருந்தாலோ லீக். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஆறவிட்டு, எல்லா நட்டையும் இன்னொரு முறை பாருங்கள்.

பழசைக் கொடுத்துட்டு வராதீங்க

'ஸ்டாக் சைலன்சரை நாங்களே எடுத்துக்கிறோம், ஆயிரம் ரூபா குறைச்சுக்கோங்க' என்று கடையில் ஒரு ஆஃபர் வரலாம். அதற்குள் இருக்கும் கன்வர்ட்டரின் உலோகப் பூச்சுக்குத் தனி மார்க்கெட் உண்டு. வட மாநிலங்களில் ஈகோ வேன்களின் சைலன்சரைக் குறிவைத்துத் திருடும் கும்பல்கள் பிடிபட்டதெல்லாம் அந்தப் பொடிக்காகத்தான். நாளைக்கு வாரண்டிக்குப் போக, பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்க, போலீஸ் கழற்றச் சொன்னால் மாட்ட, வண்டியை விற்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்க வருபவர் 'ஒரிஜினல் சைலன்சர் இருக்கா?' என்றுதான் முதலில் கேட்பார். உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்து, இரண்டு வாயிலும் துணி அடைத்து, வெளியே லேசாக எண்ணெய் தடவி, கனெக்டர், போல்ட், ஹீட் ஷீல்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அதோடு சேர்த்துக் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.